ஸ்கேல் எழுதிய அட்டைகள்

என் அக்கா மகளைப் பள்ளியில் எல்லோரும் ‘ஸ்கேல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் உயரம், ஒல்லி, நிற்பது நேர். பேசுவது அதைவிட நேர். பூசி மெழுகுவது, ஒரு பேச்சுக்குச் சொல்லிவைப்பது, இதெல்லாம் அவளுக்கு வராது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அவளைத் தூக்கி வளர்த்த நானே அதை மறந்து ஸ்கேல் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன்.

ஆறு வயதில் ஒரு சம்பவம். வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒருவர், “சரி, அப்ப நான் வரட்டுமா” என்று மூன்றாவது முறையாகச் சொல்லி, மூன்றாவது முறையாகவும் உட்கார்ந்துவிட்டார். இவள் சமையலறைப் பக்கம் திரும்பி, “அம்மா, நீ சொன்னது சரிதான், இவரு கிளம்பவே மாட்டேங்கறாரு” என்றாள். விருந்தாளி அந்த நிமிடமே கிளம்பினார். அக்காதான் சமையலறையை விட்டு வெளியே வர அரை மணி நேரம் ஆனது.

என்னையும் அவள் விட்டுவைத்ததில்லை. நான் ஜன்னல் திரைகள் தைத்துக் கொடுக்கிறவள். மூன்றாம் மாடியில் அவர்கள் வீட்டுக்கு எதிர்வீடு என்னுடையது. கதவைத் திறந்தால் கதவு. ஒருமுறை எனக்கே ஒரு சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு, எப்படி இருக்கிறது என்று அவளிடம் போய்க் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“துணி நல்லா இருக்கு சித்தி.”

“எனக்கு எப்படி இருக்கு?”

“அதான், துணி நல்லா இருக்குன்னு சொன்னேனே.”

அவளுக்குப் பதினாறு வயதானபோது பள்ளியில் ஒரு புது விதி வந்தது. அவள் வகுப்பில் படிக்கும் ஒவ்வொருவரும் நாற்பது மணி நேரம் ஊருக்கு ஏதாவது உபகாரம் செய்ய வேண்டும். நூலகம், மருத்துவமனை, முதியோர் இல்லம், விலங்குக் காப்பகம் என்று நாலு இடங்கள். ஸ்கேல் முதியோர் இல்லத்துக்குப் பெயர் கொடுத்தாள். வகுப்பாசிரியை பேனாவை மூடி வைத்துவிட்டு யோசித்தார். அந்த வாரம்தான் இவள் கணக்கு ஆசிரியரிடம், “சார், போன வருஷமும் இதே இடத்துலதான் தப்பு பண்ணினீங்க” என்று நாற்பது பிள்ளைகள் முன்னால் சொல்லியிருந்தாள்.

“நீ காப்பகத்துக்குப் போம்மா” என்றார் ஆசிரியை. “அங்க நீ என்ன சொன்னாலும் யார் மனசும் புண்படாது.”

காப்பகம் ஒரு பழைய மரக்கிடங்குக்குப் பின்னால் இருந்தது. தகரக் கூரை. ஒரு பக்கம் முப்பது நாய்க் கூண்டுகள், எதிர்ப்பக்கம் பூனைகளுக்கு ஒரு நீள அறை, நடுவில் கழுவிக் கழுவி வழுக்கிப்போன சிமெண்டுத் தரை. நாலு வீடு தள்ளி வரும்போதே பினாயில் வாசனை வரவேற்கும். நடத்தி வந்தவர் முன்பு தபால் அலுவலகத்தில் வேலை பார்த்த ஒரு பெண்மணி. பிள்ளைகள் அவரை மேடம் என்பார்கள். ஒரு காதில் தொலைபேசி, ஒரு கையில் மருந்துச் சீட்டு, இடுப்பில் ஒரு பூனைக்குட்டி, இப்படித்தான் அவரை எப்போதும் பார்க்கலாம்.

ஸ்கேலோடு அவள் வகுப்புப் பையன் ஒருவனும் சேர்ந்தான். அவன் பெயர் மூட்டை. எங்கே போனாலும் முதுகில் ஒரு பெரிய பை, அதற்குள் உலகத்தில் உள்ள சாமான் எல்லாம். பிளாஸ்டர் வேண்டுமா, நூல்கண்டு வேண்டுமா, காலுறை வேண்டுமா, மூட்டையிடம் கேட்டால் போதும். இரண்டு பேரும் சனிக்கிழமைதோறும் காலை எட்டு மணிக்குப் போய், பன்னிரண்டு வரை கிண்ணம் கழுவினார்கள், கூண்டில் கிடந்த மலத்தை அள்ளினார்கள், நனைந்த விரிப்புகளை மாற்றினார்கள், நாய்களை இரண்டிரண்டாக வெளியே நடத்திக்கொண்டு போனார்கள். பூனை அறைக்குள் போனால் ஸ்கேலுக்குத் தும்மல் வரும். இருபது தும்மலுக்கு ஒரு கிண்ணம் என்று கணக்கு. ஆனாலும் அந்த அறையை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

மூன்றாவது சனிக்கிழமை ஒரு குடும்பம் நாயைத் திருப்பிக் கொண்டுவந்தது. கொண்டுபோய் ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. அப்பா, அம்மா, எட்டு வயதுப் பையன். பையன் காலில் ரப்பர் செருப்பு.

“குழந்தைங்களோட நல்லா பழகும்னு போட்டிருந்தீங்க” என்றார் அப்பா. “இவன் ஷூ ரெண்டு ஜோடி, என் ஷூ ஒரு ஜோடி, பக்கத்து வீட்டுக்காரர் ஷூ ஒண்ணு. ஜோடி இல்ல, ஒண்ணே ஒண்ணு. அவரு இன்னும் எங்ககிட்ட பேசறதில்ல.”

மேடம் வருத்தம் தெரிவித்துக்கொண்டிருந்தார். தரை துடைத்துக்கொண்டிருந்த ஸ்கேல் நிமிர்ந்தாள்.

“அது ஷூ திங்கும்னு எங்க எல்லாருக்கும் தெரியும்” என்றாள். “இங்கயே மூணு தின்னிருக்கு. அட்டையில எழுதலை.”

அட்டை என்பது கூண்டின் முன்னால் தொங்குகிற அட்டை. நாயையோ பூனையையோ வீட்டுக்கு எடுத்துப்போக வருகிறவர்கள் அதைப் படித்துத்தான் முடிவு செய்வார்கள். மேடம் அதைத் தபால் முத்திரை குத்துகிற வேகத்தில் எழுதுவார். முப்பது கூண்டிலும் ஒரே வாசகம்: ‘மிகவும் அன்பானது. குழந்தைகளுடன் நன்றாகப் பழகும்.’ பிறந்து நாலு நாளான, கண்ணே திறக்காத குட்டிக்கும் அதேதான்.

அந்தக் குடும்பம் போன பிறகு மேடம் அவளைப் பிடித்துக்கொண்டார்.

“வந்தவங்க முன்னாடி இப்படியா போட்டு உடைப்ப?”

“அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தா ஷூவை மேல வெச்சிருப்பாங்க மேடம். நாய் திரும்பி வந்திருக்காது.”

“உள்ளதை உள்ளபடி எழுதினா எவன் எடுத்துட்டுப் போவான்?”

“ஷூ போடாதவன்” என்றான் மூட்டை.

மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தோற்றமாதிரிதான். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கட்டு வெள்ளை அட்டையை எடுத்து ஸ்கேல் கையில் திணித்தார். “நீயே எழுது. எனக்கு ஒரு வேலை மிச்சம்.”

அவள் அவசரப்படவில்லை. இரண்டு சனிக்கிழமை ஒவ்வொரு கூண்டு முன்னாலும் உட்கார்ந்து பார்த்தாள். காப்பகத்தில் தினமும் கூண்டு கழுவுகிற அண்ணனிடம் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டாள். பிறகு எழுதினாள். நான் பழைய திரைத் துணிகளைக் காப்பகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்த அன்று எல்லாவற்றையும் வரிசையாகப் படித்தேன்.

‘ஷூ தின்னும். தோல் ஷூ என்றால் உயிர். உங்கள் வீட்டில் உயரமான அலமாரி இருந்தால் இதைவிட நல்ல நாய் கிடைக்காது.’

‘குடையைக் கண்டால் குரைக்கும். மழைக் காலத்தில் நீங்கள் நனைய வேண்டியிருக்கும்.’

‘அழகாக இருக்கிறது என்று எடுக்காதீர்கள். அழகு என்று அதற்கும் தெரியும்.’

‘பத்து வயது ஆகிறது. நாளுக்கு இருபது மணி நேரம் தூங்கும். மீதி நாலு மணி நேரம் தூங்க இடம் தேடும்.’

பூனை அறையில் ஒரு சாம்பல் நிறக் கிழட்டுப் பூனை இருந்தது. யார் கை நீட்டினாலும் ஒரு அறை கொடுக்கும். பிள்ளைகள் அதற்கு ‘மாமியார்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். இரண்டு வருடமாக அதை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஸ்கேல் அதற்கு இப்படி எழுதியிருந்தாள்: ‘தொட்டால் பிடிக்காது. கொஞ்சினால் பிடிக்காது. ஆனால் நீங்கள் எங்கே உட்கார்ந்தாலும் இரண்டு அடி தள்ளி வந்து உட்காரும். நீங்கள் எழுந்து போனால் தானும் எழுந்து வரும். கேட்டால் தற்செயல் என்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்ளும்.’

ஓய்வு பெற்ற லிஃப்ட் மெக்கானிக் ஒருவர், நாய் பார்க்க வந்த தம்பிக்குத் துணையாக வந்தவர், சும்மா அறைக்குள் நுழைந்து அந்த அட்டையைப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டு இன்னொரு தடவை படித்தார். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மாமியார் எழுந்து வந்து இரண்டு அடி தள்ளி உட்கார்ந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தார்கள்.

“இதை எடுத்துக்கறேன்” என்றார் மெக்கானிக். “எனக்கும் யாராவது மேல விழுந்து பழகினா ஒத்துக்காது.”

அதற்குப் பிறகு விஷயம் பரவியது. யாரோ அட்டைகளைப் படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்பினார்கள், அந்த நாலு பேர் நாற்பது பேருக்கு. “அந்தக் குடை நாய் இன்னும் இருக்கா?” என்று தொலைபேசியில் கேட்டார்கள். ஷூ தின்னும் நாயை ஒரு நீச்சல் பயிற்சியாளர் எடுத்துப் போனார். நாள் முழுக்க வெறுங்காலோடு இருப்பவர். இரண்டு மாதத்தில் பதினாலு பிராணிகள் வீடு போய்ச் சேர்ந்தன. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. யார் எதைக் கேட்டாலும் மேடம், “அட்டையைப் படிங்க, அந்தப் பொண்ணு எழுதினா அப்படியே இருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்.

பத்தாவது சனிக்கிழமையோடு நாற்பது மணி நேரம் முடிந்தது. பள்ளிக்கூடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டது. பதினோராவது சனிக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு ஸ்கேல் வழக்கம்போல ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு மாடியிறங்கினாள். அன்றைக்குத்தான் அந்த நாய் வந்தது.

சாலையில் அடிபட்டுக் கிடந்ததை யாரோ எடுத்து வந்திருந்தார்கள். பழுப்பு நிறம், நெஞ்சில் மட்டும் வெள்ளை. பின்னங்கால் ஒன்றை எடுக்க வேண்டியதாயிற்று. நாலாவது நாள் அது எழுந்து நின்று, ஒருபக்கம் சாய்ந்து, விழப்போய், விழாமல், ‘பார்த்தீங்களா’ என்பதுபோல் வாலை ஆட்டியதாம். மூட்டைதான் பெயர் வைத்தான்.

“முக்கால்” என்றான். “காலும் மூணு, நாயும் முக்கால்வாசி.”

“கால் போச்சுன்னா நாய் குறைஞ்சிடுமாடா?” என்றாள் ஸ்கேல். ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது.

முக்காலை ஸ்கேல் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். கட்டு மாற்றுவது, நடக்கப் பழக்குவது, எல்லாம் அவள்தான். பள்ளி விட்டு வரும்போதும் அரை மணி நேரம் எட்டிப் பார்த்துவிட்டு வருவாள். வீட்டில் பேச்செல்லாம் முக்கால் பேச்சுத்தான். முக்கால் இன்றைக்கு இருமியது, முக்கால் இன்றைக்குக் கொட்டாவி விட்டது. வீட்டுக்குக் கூட்டிவரலாமா என்று மூன்று தடவை அப்பா அம்மாவிடம் கேட்டாள். அத்தான், “வாடகை வீடும்மா, ஓனர் என்ன சொல்வாரோ” என்று மழுப்பினார். அக்கா, “உன்னை ஒருத்தியைச் சமாளிக்கவே எனக்கு ரெண்டு கை போதலை” என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

முக்காலுக்கு மட்டும் அட்டை எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். மேடம் நாலு தடவை கேட்டார். ஐந்தாவது தடவை கேட்டபோது எழுதித் தொங்கவிட்டாள்.

‘கடிக்கும். மற்ற நாய்களோடு சண்டை போடும். புது ஆட்களைக் கண்டால் ஆகாது. வீட்டில் வைத்து வளர்க்க ஏற்றதல்ல.’

யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எழுதியது ஸ்கேல் ஆயிற்றே. கூண்டு கழுவுகிற அண்ணன் அதைப் படித்துவிட்டு மறுநாளிலிருந்து நீளக் கம்பியால் கிண்ணத்தைத் தள்ளிவிட்டுச் சாப்பாடு வைத்தார். முக்கால் அது ஏதோ விளையாட்டு என்று நினைத்துக் கம்பியைத் துரத்தியது. மேடம் ஒருமுறை, “நிஜமாவே கடிக்குமா?” என்று கேட்டதற்கு, “அட்டையில எழுதியிருக்கேன் மேடம்” என்றாள். அது பொய்யில்லை. அட்டையில் எழுதியிருந்தாள்தான்.

நானே ஒரு நாள் ஏமாந்தேன். பழைய துணிகளோடு போய் அட்டையைப் படித்துக்கொண்டு நிற்கும்போது முக்கால் கம்பி வழியாக என் கையை நக்கியது. விரல் விரலாக, பொறுமையாக.

“இதுவா கடிக்கும்?” என்றேன்.

“அட்டையைப் படிச்சியா சித்தி?” என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

நான் கையைப் பின்னால் எடுத்துக்கொண்டேன். என் கையைவிட அவள் எழுத்தில் எனக்கு அதிக நம்பிக்கை.

ஒன்பது வாரம் இப்படியே போனது. வருகிறவர்கள் முக்கால் கூண்டு முன்னால் நிற்பார்கள், படிப்பார்கள், ‘ஐயோ பாவம்’ என்று நகர்ந்துவிடுவார்கள். அதற்கடுத்த சனிக்கிழமை ஒரு பேருந்து ஓட்டுநர் வந்தார். நாற்பது வயதிருக்கும் பெண். பணி முடிந்து சீருடையிலேயே வந்திருந்தார். கூண்டு கூண்டாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் முக்கால் முன்னால் நின்றார். முக்கால் எழுந்து வந்து கம்பியில் உடம்பைச் சாய்த்துக்கொண்டு நின்றது.

“எனக்கு இந்த மாதிரி ஒண்ணுதான் வேணும்” என்றார் ஓட்டுநர். “விடியக்காலையிலேருந்து ஸ்டியரிங் பிடிச்சிட்டு வீட்டுக்கு வந்து நாய் பின்னாடி ஓட எனக்குத் தெம்பில்ல. மூணு காலுன்னா என் வேகத்துக்குச் சரியா இருக்கும்.” பிறகுதான் அட்டையைப் படித்தார். முகம் மாறியது. பக்கத்தில் வாளியோடு நின்ற ஸ்கேலிடம் திரும்பினார். “ஏம்மா, யாரையாவது கடிச்சிருக்கா?”

மேடம் இரண்டு கூண்டு தள்ளி நின்றார். மூட்டை குழாய் பிடித்துத் தரை கழுவிக்கொண்டிருந்தான். எழுதுவது வேறு, ஒருத்தர் கண்ணைப் பார்த்து வாயால் சொல்வது வேறு. ஸ்கேலின் வாய்க்கு அந்தப் பழக்கம் இல்லை.

“இல்ல” என்றாள்.

“சண்டை?”

“போட்டதில்ல.”

“அப்புறம் இதை யாரு எழுதினது?”

“நான்தான்.”

“எதுக்கு?”

மூட்டை குழாயை மூடினான். சத்தம் நின்றதும் இடமே காது கொடுத்துக் கேட்பதுபோல் ஆனது.

“யாரும் எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னு” என்றாள் ஸ்கேல். “எனக்கு வேணும். எங்க வீட்டுல விட மாட்டாங்க. இங்கயே இருந்தா நான் தினமும் பார்க்கலாம்.”

ஓட்டுநர் திட்டவில்லை. முக்காலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். “நான் அடுத்த சனிக்கிழமை இதே நேரத்துக்கு வரேன்” என்றார். “அதுக்குள்ள சரியா ஒண்ணு எழுதி வை. படிச்சிட்டு முடிவு பண்றேன்.”

அவர் போன பிறகு மேடம் அருகில் வந்தார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் மெதுவாகத்தான் பேசினார். “ஒன்பது வாரம்மா. ஒரு வீட்டுல சோபாவுல படுத்திருக்க வேண்டியது, உன்னால ஒன்பது வாரம் சிமெண்டுல படுத்திருக்கு.” அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டார். மூட்டை மிச்சமிருந்த தரையைத் தனியாகவே கழுவி முடித்தான். போகும்போது மட்டும், “நீ சொன்னா நான் யோசிக்காம நம்புவேன், தெரியுமா உனக்கு?” என்றான். அவளுக்கு மேடம் சொன்னதைவிட அது சுருக்கென்று தைத்தது.

இதையெல்லாம் அன்று மத்தியானமே என்னிடம் வந்து கொட்டினாள். நான் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டேன். எதையாவது நல்லதாகச் சொல்ல வேண்டுமே என்று, “விடு, பாசத்துல செஞ்சதுதானே, தப்பில்ல” என்றேன்.

“தப்புதான் சித்தி” என்றாள். “உனக்கு ஆறுதல் சொல்ல வரலைன்னா சும்மா இரு.”

சும்மா இருக்க என்னால் முடியவில்லை. எதிர்வீட்டுக்குப் போய் அக்காவைப் பிடித்தேன். பெண் சாப்பிடாமல் இருக்கிறாள், ஒரு நாய்தானே, நானும் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒன்றரை மணி நேரம் பேசிக் கரைத்தேன். கல்லும் கரையும், என் அக்கா கரைய இன்னும் கொஞ்சம் நேரமாகும். ஆனால் கரைந்தாள். அத்தான் வீட்டு ஓனரிடம் பேசுவதாகச் சொன்னார். நல்ல செய்தியோடு மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்தோம்.

“சரி, கூட்டிட்டு வா அந்த நாயை” என்றாள் அக்கா.

ஸ்கேல் எங்கள் மூவரையும் பார்த்தாள். அழுவாள், கட்டிக்கொள்வாள் என்று நான் கைக்குட்டையோடு தயாராக இருந்தேன்.

“வேணாம்மா” என்றாள்.

“என்னடி வேணாம்?”

“மூணு மாடி, லிஃப்ட் இல்ல. அதுக்கு மூணு கால். ஒரு நாளைக்கு நாலு தடவை ஏறி இறங்கணும். பகல்ல நீ ஆபீஸ், அப்பா ஆபீஸ், நான் ஸ்கூல். சித்தி பார்த்துக்கறேன்னு சொல்றா, மெஷினை ஓட்டினா அவளுக்குக் காலிங் பெல்லே கேக்காது. அந்த டிரைவர் அக்கா வீடு தரைத்தளம். விடியக்காலை ஷிஃப்டாம், மத்தியானத்துக்குள்ள வீட்டுக்கு வந்துடறாங்களாம். மேடம்கிட்ட கேட்டேன்.”

அக்கா என்னைப் பார்த்தாள், நான் அத்தானைப் பார்த்தேன். ஒன்றரை மணி நேரம் பேசியதில் எனக்குத்தான் தொண்டை வலி.

அட்டை எழுத உட்கார்ந்தபோது புதுச் சிக்கல் ஒன்று முளைத்தது. வியாழக்கிழமை மூட்டை வந்தான். கோபம் ஆறவில்லை, ஆனாலும் வந்துவிட்டான். பையிலிருந்து நல்ல கறுப்புப் பேனா ஒன்றை எடுத்துக் கொடுத்தான். என் வீட்டுத் தரையில், துணிகளுக்கு நடுவில், இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதினார்கள்.

“அந்த அக்கா மெதுவா போற நாய்தான் வேணும்னாங்க” என்றாள் ஸ்கேல். “முக்கால் மெதுவா போற நாய் இல்ல.”

அது உண்மை. அந்த ஒன்பது வாரத்தில் முக்கால் மூன்று காலில் ஓடக் கற்றுக்கொண்டிருந்தது. சும்மா ஓட்டமில்லை. முயல் மாதிரி எம்பி எம்பி, வார் பிடித்தவர் தோள்பட்டை கழன்றுவிடுகிற ஓட்டம்.

“அந்த ஒரு வரியை மட்டும் விட்டுடு” என்றான் மூட்டை. “பொய் சொல்லலை. சொல்லாம விடறோம், அவ்வளவுதான். நல்ல வீடு. கை நழுவிப் போயிடும்.”

“சொல்லாம விட்டுத்தான் ஷூ நாய் திரும்பி வந்துச்சு.”

“எழுதிட்டு அவங்க வேணாம்னுட்டா?”

அவள் அட்டையின் விளிம்பைத் தடவினாள். பிறகு குனிந்து எழுதினாள். அந்த வரிக்கு வந்ததும் அவள் பேனாவை இரண்டு தடவை மூடித் திறந்ததை நான் பார்த்தேன். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அந்த அளவுக்காவது எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியும்.

சனிக்கிழமை நானும் கூடப் போனேன். ஓட்டுநர் சொன்ன நேரத்துக்கு வந்தார். பேருந்து ஓட்டுகிறவர், நேரம் தவற மாட்டார். கூண்டு முன்னால் நின்று அட்டையை வாய்விட்டே படித்தார்.

‘பெயர் முக்கால். வயது மூன்று இருக்கும். இதுவரை யாரையும் கடித்ததில்லை. மற்ற நாய்களோடு ஒத்துப்போகும். தன் கிண்ணத்தில் சாப்பிட வந்த பூனைக்குட்டிக்கு இடம் விட்டது. படுக்கும்போது யாருடைய காலிலாவது முதுகு படும்படி படுக்கும். மாடிப்படி சிரமம். இடிச் சத்தம் பயம். மூன்று கால்தானே, மெதுவாக நடக்கும் என்று நினைத்து எடுக்காதீர்கள். நாலு கால் நாயைவிட வேகமாக ஓடும், நம்மையும் ஓட வைக்கும். இது ஒன்பது வாரம் இங்கேயே இருந்ததற்கு இதனுடைய குறை எதுவும் காரணமில்லை. அட்டை எழுதியவள் பொய் எழுதினாள்.’

ஓட்டுநர் நிறுத்தினார். “ஓடுமா?” என்றார்.

“ஓடும்” என்றாள் ஸ்கேல்.

“நிறைய?”

“ரொம்ப.”

அவர் கன்னத்தைச் சொறிந்துகொண்டார். “வாரைக் குடு, பார்ப்போம்” என்றார். கூண்டைத் திறந்ததுதான் தெரியும். மரக்கிடங்குச் சுவரோரமாக முக்கால் பறந்தது, பின்னாலேயே சீருடையோடு ஓட்டுநர் பறந்தார், தொப்பி தனியாகப் பறந்தது. மூலையில் திரும்பி மறைந்துவிட்டார்கள். நாங்கள் வாசலில் நின்று காத்திருந்தோம். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். மூட்டை பையிலிருந்து தண்ணீர்ப் புட்டியை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டான்.

கால் மணி நேரம் கழித்து இருவரும் திரும்பி வந்தார்கள். ஓட்டுநருக்கு மூச்சு வாங்கியது, முகமெல்லாம் வேர்வை. மூட்டை கொடுத்த தண்ணீரைக் குடித்து முடித்து, வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முக்கால் சுற்றிவந்து அவர் காலில் முதுகைச் சாய்த்துப் படுத்தது.

“ரெண்டு வருஷமா டாக்டர் நடங்க நடங்கன்னு சொல்றாரு” என்றார். “இது விடாது போல இருக்கு.” பிறகு ஸ்கேலைப் பார்த்தார். “ஓடும்னு எழுதாம விட்டிருந்தா, நாளைக்கே உன்னைத் தேடி வந்து கேட்டிருப்பேன். கையெழுத்து எங்க போடணும்?”

கிளம்பும்போது அட்டையை அவரே கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். முக்கால் புதுக் கழுத்துப்பட்டையோடு எம்பி எம்பிப் போனது. தெருமுனை வரை ஸ்கேல் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“திரும்பிப் பார்க்கும்னு நெனச்சேன்” என்றாள். “பார்க்கலை.”

“அதுக்கு அங்க சந்தோஷம்” என்றேன்.

அவள் என்னைத் திருத்தவில்லை. பூனை அறைக்குப் போய் ஒரு கிண்ணம்கூடக் கழுவாமல் இருபது தும்மல் தும்மிவிட்டு, கண் சிவக்க வெளியே வந்தாள். பூனை முடி என்று சொன்னாள். நாங்கள் எல்லோரும் ஆமாம் என்றோம்.

மேடம் அட்டை வேலையை அவளிடமிருந்து பிடுங்கவில்லை. ஒரு விதி மட்டும் போட்டார்: ஒவ்வொரு அட்டையிலும் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். ஸ்கேல் எழுதுவாள், மூட்டை கூண்டுக்குப் போய்ச் சரிபார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவான். அவன் அதை ரொம்பவும் மனதில் எடுத்துக்கொண்டு, சில சமயம் ஒரு கமாவுக்குக்கூட ஒரு மணி நேரம் சண்டை போடுவான். பள்ளி முடியும்வரை இருவரும் ஒரு சனிக்கிழமை தவறவில்லை. நாற்பது மணி நேரம் என்பது நானூறைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டார்கள்.

இப்போது அவளுக்கு இருபத்துநாலு வயது. கடைத்தெருவில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. கண் பரிசோதித்து, கண்ணாடிச் சட்டம் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிற வேலை. “இது உங்க மூக்குல நிக்காது”, “இதைப் போட்டா எப்பவும் கோவமா இருக்கற மாதிரி தெரியும்” என்று வாடிக்கையாளர் முகத்துக்கு நேராகச் சொல்வாள். முதல் மாதம் முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டாராம். இப்போது அவள் விடுப்பில் இருக்கிற நாளில் வருகிறவர்கள், “அந்தப் பொண்ணு எப்ப வரும்?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிறார்களாம்.

போன மாதம் நானும் போனேன். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, எழுத்தெல்லாம் மங்கலாகத் தெரிகிறது என்றேன். அரை மணி நேரம் என் கண்ணை உருட்டி உருட்டிப் பார்த்தாள். நான் அதற்குள் ஒரு நீல நிறச் சட்டத்தை எடுத்துப் போட்டுக் கண்ணாடியில் அழகு பார்த்துக்கொண்டிருந்தேன்.

“கழட்டு சித்தி” என்றாள். “உன் கண்ணு நல்லாத்தான் இருக்கு. மெஷினுக்கு மேல இருக்கற பல்பை மாத்து.”

கடை முதலாளி கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. வழியில் ஒரு பல்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.